ஹெலேனாவேன்: பீட் வெட்டிய ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐண்ட்ஹோவனில் வேலை பார்க்கும் நம்மவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிப்பார்க்கும் பட்டியல் ஒன்றுதான். ட்யூலிப் தோட்டம், காற்றாலை, ஆம்ஸ்டர்டாம் படகு. நான் மட்டும் வந்தவர்களை ஹெலேனாவேனுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கோடு போட்டதுபோல் நேராக ஒரு கால்வாய், கரையோரம் மரங்கள், வீடுகள். அவ்வளவுதான். முதல் பத்து நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். ஒரே கேள்விகளை மாமாவும் கேட்டார், மாமாவின் மாப்பிள்ளையும் கேட்டார், ஆபீஸ் நண்பர்களும் கேட்டார்கள். அதனால் ஒருவழியாக எழுதி வைத்துவிட்டேன்.

1. இந்த ஊர் எங்கே இருக்கு? எவ்வளவு பெருசு?

நெதர்லாந்தின் தெற்கே, நோர்ட் பிராபான்ட் மாகாணத்தில், டோர்னெ நகராட்சிக்குள் இருக்கிறது. கிழக்கே கொஞ்சம் நகர்ந்தால் லிம்பர்க் மாகாணம், அதையும் தாண்டினால் ஜெர்மனி. ஐண்ட்ஹோவனிலிருந்து வென்லோ போகும் ரயிலில் ஏறி டோர்னெயில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் வந்துவிடும். ஆயிரம் பேர்கூட இல்லாத கிராமம். இதைச் சுற்றியுள்ள பெரிய சதுப்பு நிலத்துக்கு டி பேல் என்று பெயர்.

2. பீட்ங்கிறது மண்ணா, கரியா?

இரண்டுக்கும் நடுவில். சதுப்பில் வளரும் பாசியும் புல்லும் செத்து விழுகின்றன. தண்ணீருக்குள் காற்றுப் படாததால் அவை முழுசாக மக்குவதில்லை. பாதி மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காக அழுந்திக் கிடக்கும் அந்தப் பழுப்புப் பொருள்தான் பீட். சதுப்பு உயிரோடு இருந்தால் இது வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். அதாவது ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா ஒருவர், "அப்போ இது நம்ம பழுப்பு நிலக்கரிக்குத் தம்பியா?" என்று கேட்டார். தம்பிதான், ரொம்பக் கடைக்குட்டி. பீட் மண்ணுக்கடியில் புதைந்து கோடி ஆண்டுக் கணக்கில் அழுத்தம் பட்டால் பழுப்பு நிலக்கரி ஆகும். பேலில் கிடந்த பீட்டுக்குச் சில ஆயிரம் வயசுதான். கரிசல் மண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கரிசல் எரியாது, காய்ந்த பீட் எரியும். பீட்டைப் பார்க்க நெதர்லாந்து வரைக்கும் வரவேண்டும் என்றும் இல்லை. நீலகிரி உச்சிப் புல்வெளிகளுக்கு இடையே உள்ள சதுப்புகளிலும் பீட் உண்டு. பழங்காலத்தில் அங்கே மழை எப்படிப் பெய்தது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் துளைத்து எடுத்துப் பார்க்கிறார்கள்.

3. ஊர்ப் பேரில் ஏன் "வேன்" வருது? ஹெலேனா யாரு?

வாடகை வேனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டச்சு மொழியில் "வேன்" என்றால் பீட் கிடக்கும் நிலம். அதை வெட்டி, காயவைத்து, அடுப்பில் வைக்கத் தயாராகிவிட்ட கட்டிக்கு "டுர்ஃப்" என்று வேறு பெயர். வயலில் இருக்கும்போது நெல், உலைக்குப் போகும்போது அரிசி என்று நாம் சொல்வதுபோல. நெதர்லாந்து வரைபடத்தில் ஹோகவேன், ஹேரன்வேன், ஆம்ஸ்டல்வேன் என்று "வேன்" ஒட்டிய ஊர்கள் ஏராளம். எல்லாம் பீட் நிலத்தில் உருவான ஊர்கள்.

ஹெலேனா என்பவர் ஹெலேனா பானிஸ், இந்த ஊரை உண்டாக்கிய யான் வான் டி க்ரீன்ட்டின் மனைவி. பக்கத்துப் பீட் கிராமத்துக்குக் குடும்பப் பெயரையே வைத்து க்ரீன்ட்ஸ்வேன் என்றார்கள். மனைவி பெயரை ஊருக்கு வைப்பது அந்தத் தொழிலில் புதுமை ஒன்றுமில்லை. வடக்கே ட்ரென்த மாகாணத்தில் கிளாசீனாவேன் என்று ஓர் ஊர் இருக்கிறது. கிளாசீனா, ஸ்கோல்டன் என்ற தொழிலதிபரின் மனைவி.

4. இந்த வான் டி க்ரீன்ட் ராஜாவா, ஜமீன்தாரா?

இரண்டும் இல்லை, காண்டிராக்டர். டென் போஸ் நகரத்துக்காரர், நீர்வழி வேலைகளில் பழக்கம் உள்ளவர். 1853இல் டோர்னெ நகராட்சியிடமிருந்து பேல் சதுப்பில் 600 ஹெக்டேருக்கும் மேல் விலைக்கு வாங்கினார். நம் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர் வரும். வாங்கியது விவசாயத்துக்கு அல்ல, மேலே கிடக்கும் பீட்டை வெட்டி விற்பதற்கு. வடக்கே க்ரோனிங்கன், ட்ரென்த பக்கம் இருநூறு ஆண்டுக்கு மேலாக நடந்துவந்த ஒரு முறையைத் தெற்கே கொண்டுவந்தார். கால்வாய் வெட்டு, பீட் எடு, கால்வாய் ஓரமாகக் குடிவை, பீட் எடுத்த தரையை நிலமாகத் திருத்து. இதுதான் அந்த முறை.

ஆக, ஹெலேனாவேன் தானாக முளைத்த கிராமம் இல்லை. ஆற்றங்கரையிலோ கோயிலைச் சுற்றியோ பெருவழிச் சந்திப்பிலோ வந்த ஊர் இல்லை. ஒரு கம்பெனி தன் வேலைக்காக உண்டாக்கிய ஊர். தெருவும் குடியிருப்பும் நேர்கோட்டில் இருப்பதன் ரகசியம் இதுதான்.

5. 1853க்கு முன்னாடி அங்கே ஒண்ணுமே இல்லையா? வெறும் காடா?

வெறும் காடு என்று சொன்னால் அக்கம்பக்கத்துக் கிராமத்தார் கோபித்துக்கொள்வார்கள். பேல் என்பது மேட்டில் இருந்த சதுப்பு. ஆற்றுத் தண்ணீரால் அல்ல, மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கியதால் உண்டானது. நடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பாதை தெரியும். மற்றவர்கள் இடுப்பு வரை இறங்கிவிடுவார்கள். அதனாலேயே அது பல நூற்றாண்டு பிராபான்ட்டுக்கும் கிழக்கே உள்ள பகுதிகளுக்கும் நடுவே இயற்கை எல்லையாக இருந்தது. இன்றைக்கும் மாகாண எல்லை அதன் ஊடாகத்தான் போகிறது.

ஆனால் அதன் ஓரத்து மணல் பூமியில் கிராமங்கள் இருந்தன. அவர்களுக்குப் பேல் நம்மூர்ப் புறம்போக்கு மாதிரி. ஆடு மேய்த்தார்கள், தேனீப் பெட்டி வைத்தார்கள், வீட்டு அடுப்புக்கு வேண்டிய பீட்டை அவரவரே வெட்டிக்கொண்டார்கள். நகராட்சி அந்தப் பொது நிலத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்து விற்றதைத்தான் மேலே 4இல் சொன்னேன். "யாரும் போகாத சதுப்பைத் துணிச்சல்காரர் ஒருவர் ஊராக்கினார்" என்று எழுதப்படும் கதைகளில் இந்த ஒரு வரி வழக்கமாக விட்டுப்போகும்.

6. பீட் வெட்ட எதுக்கு முதலில் கால்வாய் வெட்டணும்?

இரண்டு காரணம். பச்சைப் பீட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை வடித்தால்தான் ஆள் நிற்க முடியும், வெட்ட முடியும். இன்னொன்று, காய்ந்த டுர்ஃப் எடை குறைவு, இடத்தை அடைக்கும், விலையும் மலிவு. மாட்டுவண்டியில் ஏற்றினால் வண்டிக் கூலி சரக்கின் விலையைத் தாண்டிவிடும். படகில் போனால்தான் கட்டும். ஆகவே தண்ணீரை வெளியே விடவும் சரக்கை வெளியே அனுப்பவும் ஒரே கால்வாய். ஹெலேனாவேனின் கால்வாய்க்கு ஹெலேனாஃபார்ட் என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஹெலேனாஃபார்ட் போய்ச் சேருவது நோர்டர்ஃபார்ட் என்ற கால்வாயில். அதைத் தொடங்கிவைத்தவர் நெப்போலியன். ஹாலந்து துறைமுகங்களுக்குப் போகும் வியாபாரத்தைத் திருப்பிவிட, ரைன் நதியையும் மாஸ் நதியையும் ஆன்ட்வெர்ப் நகரத்தோடு இணைக்கத் திட்டம் போட்டு 1808இல் வேலையை ஆரம்பித்தார். 1810இல் ஹாலந்தையே தன் சாம்ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டார். எதிராளியின் கடையையே வாங்கிய பிறகு எதிரே கடை எதற்கு? வேலை நின்றுவிட்டது. பாதியில் நின்ற அந்தக் கால்வாய்தான் பிற்பாடு பீட் படகுகளுக்கு வழியானது. அங்கிருந்து 1826இல் முடிந்த சௌத் வில்லம்ஸ்ஃபார்ட் கால்வாயைப் பிடித்தால் டென் போஸ் வரைக்கும் போகலாம்.

7. எப்படி வெட்டினாங்க? கடப்பாரையா, மண்வெட்டியா?

கடப்பாரைக்கு வேலையே இல்லை, பச்சைப் பீட் கெட்டியான அல்வா மாதிரி இருக்கும். முதலில் வாய்க்கால் கீறிச் சில வருஷம் வடியவிடுவார்கள். அப்புறம் மேலே வேர் ஓடிய அடுக்கைச் சீவி ஒதுக்குவார்கள். அதன்பின் நீளக் கைப்பிடி வைத்த தட்டையான வெட்டுக்கருவியால் செங்கல் செங்கல்லாக அறுத்து எடுப்பார்கள். செங்கல் சூளைக் களத்தில் பச்சைக்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் காயவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். காற்று புகும்படி அடுக்கி, புரட்டி, மறுபடி அடுக்கி, கோடை முழுக்கக் காயவைக்க வேண்டும். அடுக்குவதும் புரட்டுவதும் பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள் வேலை.

பனிக்காலம் போன பிறகு வெட்டத் தொடங்குவார்கள், ஜூலையோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் வெட்டினால் குளிர் வருவதற்குள் காயாது. ஈரக்கட்டி உறைந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஆக நம் உப்பளத்துக்காரர்கள் மாதிரி, சில மாதத்துச் சம்பாத்தியத்தில் வருஷத்தை ஓட்டவேண்டிய தொழில்.

8. அவ்வளவு வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தாங்க? எப்படி வாழ்ந்தாங்க?

இந்த வேலை பழகியவர்கள் வடக்கேதான் இருந்தார்கள். அவர்களில் பலர் புராட்டஸ்டன்ட்கள். பிராபான்ட்டோ அந்தக் காலத்தில் கத்தோலிக்க பூமி. அதனால் இத்தனூண்டு கிராமத்தில் இரண்டு சபைக்கும் தேவாலயம் வந்தது. உள்ளூர் மணல் பூமிக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

கூலி நாள் கணக்கில் அல்ல, வெட்டிய அளவுக்கு. அதனால் கருக்கலில் இறங்கி இருட்டும் வரை நிற்பார்கள். வடக்குப் பீட் காடுகளில் நிலைமை இன்னும் மோசம். முதலாளியோ மேஸ்திரியோ நடத்தும் கடையில்தான் சாமான் வாங்கவேண்டும், அங்கே விலை கூடுதல், கூலி கையில் வருவதற்குள் கடைக் கணக்கில் கழிந்துவிடும். மதுக்கடையும் அவர்களுடையதுதான். இந்தக் கட்டாயக் கடை முறைக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம்தான் முடிவு கட்டியது. இருக்க இடம்? புல்கட்டியைப் பெயர்த்துச் சுவராக அடுக்கி, அதையே கூரையாகவும் போட்ட குடிசைகள். 1883இல் ஓவியர் வின்சென்ட் வான் கோ ட்ரென்தவில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கி அந்தக் குடிசைகளையும் பீட் படகுகளையும் வரைந்திருக்கிறார். அப்படிப்பட்ட குடிசைகளைக் கட்டுப்படுத்த 1901இல் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. 1888இல் ஃப்ரீஸ்லாந்து, ட்ரென்த பக்கம் பீட் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருஷமே அங்குள்ள தொகுதி ஒன்று டொமெலா நியூவென்ஹாயிஸை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் முதல் சோசலிஸ்ட் அவர்.

9. ஷிப்போல் விமான நிலையம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்குன்னு சொன்னாங்க. அதுவும் பீட் வெட்டின பள்ளமா?

பாதிச் சரி. பீட்டில் இரண்டு வகை உண்டு. ஹெலேனாவேனில் இருந்தது மேட்டுச் சதுப்புப் பீட், தண்ணீரை வடித்துவிட்டு வெட்டலாம். மேற்கே ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட் பக்கம் இருப்பது பள்ளத்துப் பீட். அங்கே தண்ணீருக்கு அடியிலிருந்து வலை மாட்டிய நீளக் கழியால் சேறாக வாரி எடுத்து, களத்தில் பரப்பி, மிதித்து, காயவைத்து அறுத்தார்கள். வாரிய இடம் குளமானது, குளங்கள் சேர்ந்து ஏரியானது. லோஸ்ட்ரெக்ட், வின்கவேன் ஏரிகள் அப்படி வந்தவை.

ஷிப்போல் இருப்பது ஹார்லெமர்மேர் என்ற பழைய ஏரியின் தரையில். அது முழுக்க மனிதன் தோண்டியது அல்ல. இருந்த ஏரிகளின் பீட் கரையை அலை அரித்தது, வெட்டினவர்களும் கரையை மெலியவைத்தார்கள், ஏரி விழுங்கிக்கொண்டே போனது. நீராவிப் பம்புகளை வைத்து 1852இல் அதை வற்றவைத்தார்கள். மறுவருஷம் ஹெலேனாவேன் ஆரம்பம். மேற்கே பீட் போன பள்ளத்தை வற்றவைத்து முடிக்கவும், கிழக்கே புதுசாகப் பீட் வெட்ட ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

10. பீட் படகில் ஒளிஞ்சு கோட்டையைப் பிடிச்ச கதை இந்த ஊர்லதானே?

இல்லை, அது பிரெடா. அதே பிராபான்ட் மாகாணம், ஆனால் ஹெலேனாவேன் பிறப்பதற்கு 263 வருஷம் முன்னால். 1590 மார்ச்சில், ஸ்பெயினோடு போரிட்ட டச்சு இளவரசர் மொரிட்ஸின் வீரர்கள் எழுபது பேர் சொச்சம் ஒரு பீட் படகின் சரக்குக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானியர் வசம் இருந்த பிரெடா கோட்டைக்குள் போய்விட்டார்கள். கோட்டைக்குக் குளிர்காய எரிபொருள் வேண்டும், பீட் படகு வந்தால் யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. அன்றைய வாழ்க்கையில் பீட் எவ்வளவு சாதாரண விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

11. நிலக்கரியும் ரயிலும் வந்த பிறகு பீட்டை யார் வாங்கினா?

நல்ல கேள்வி. காய்ந்த பீட் நிலக்கரியில் சுமார் பாதி சூடுதான் தரும். ஐண்ட்ஹோவன் – வென்லோ ரயில் பாதை 1866இல் திறந்தது. அப்புறம் ஜெர்மானிய நிலக்கரியோடு போட்டி போடுவது கஷ்டமாகிவிட்டது.

கை கொடுத்தது குதிரை. அடுப்புக்கு உதவாது என்று சீவி ஒதுக்கினார்களே, மேலாக இருந்த இளம் பாசிப் பீட், அதைப் பொடித்துக் கட்டுக் கட்டாக அழுத்தினால் குதிரை லாயத்தில் விரிக்க அருமையான படுக்கை. பஞ்சு மாதிரி மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நாற்றத்தையும் அடக்கும். மோட்டார் வராத காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் டிராமும் வண்டியும் குதிரையால்தான் ஓடின. வான் டி க்ரீன்ட்டின் மகன்கள் 1885இல் க்ரீன்ட்ஸ்வேனைத் தொடங்கியது இந்தச் சரக்கை நம்பித்தான். எதிரியாக வந்த ரயிலே இதை ஏற்றிக்கொண்டு வெளிநாட்டுக்கும் போனது. குதிரைகள் போய் மோட்டார் வந்தபோது இந்த வியாபாரமும் இளைத்தது. பிறகு பூந்தொட்டி மண்ணுக்குப் போனது. இரண்டு உலகப் போர்களிலும் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்ததால், அடுப்பு டுர்ஃபுக்கு மறுபடி மவுசு வந்து போனது.

12. இங்கே தங்கத் தலைக்கவசம் கிடைச்சதாமே, நிஜமா?

நிஜம். 1910 ஜூனில் ஹெலேனாவேனுக்கு அருகே பீட் வெட்டிக்கொண்டிருந்த கெபல் ஸ்மோலனார்ஸ் என்ற தொழிலாளியின் கருவியில் அது தட்டுப்பட்டது. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசிய ரோமானியக் குதிரைப்படைத் தலைக்கவசம். கூடவே செருப்பின் தோல், குதிமுள், வாளுறையின் பகுதிகள், நாணயங்கள். அந்த நாணயங்களை வைத்துத்தான் அது கி.பி. 319ஐ ஒட்டிச் சதுப்புக்குள் போயிருக்கவேண்டும் என்கிறார்கள். அது எந்தக் குதிரைப்படைப் பிரிவு என்பது கவசத்தின் மேலேயே பொறித்திருக்கிறது. இப்போது லைடன் நகரத்துத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேல் கவசம் என்றும் டோர்னெயின் தங்கக் கவசம் என்றும் சொல்வார்கள்.

அதிகாரி வழி தவறிச் சதுப்பில் முழுகினாரா, வேண்டுதலாகத் தெய்வத்துக்குப் போட்டாரா என்று இன்னும் வாதம் நடக்கிறது. கவசத்தோடு மனித எலும்பு கிடைக்கவில்லை. ஆனால் பேல் போன்ற புளிப்புத் தண்ணீர் எலும்பைக் கரைத்துவிடும் என்பதால் அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. என் யோசனை வேறு பக்கம் போகும். இந்தக் காட்டில் எத்தனையோ பேர் பரம்பரையாக வெட்டினார்கள். ஊரின் பெயரில் இருப்பது முதலாளி வீட்டம்மா பெயர். வெட்டியவர்களில் புத்தகங்களில் பெயரோடு வருபவர் ஸ்மோலனார்ஸ். அதுவும் பீட் வெட்டியதற்காக அல்ல.

13. சதுப்பில் மனுஷ உடம்பும் கிடைக்குமாமே?

எலும்பைக் கரைக்கிற அதே தண்ணீர் தோலைப் பதப்படுத்திவிடும். தோல் ஷெட்டில் நடப்பது சதுப்பில் தானாக நடக்கிறது. 1897இல் ட்ரென்தவின் ஈட கிராமத்தில் பீட் வெட்டியவர்கள் ஒரு பெண்ணின் உடலைக் கண்டு, பேய் என்று நினைத்து ஓடிவிட்டார்களாம். அவள் இறந்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆகியிருந்தது, வயது பதினாறு இருக்கும். அஸன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். குழந்தைகளோடு போனால் யோசித்துப் போங்கள்.

14. உலகப் போரில் இந்தப் பக்கம் என்ன ஆச்சு?

சதுப்பு என்றால் டாங்கி இறங்காது என்று நம்பி, 1939இல் டச்சு ராணுவம் பேல் வழியாக ஒரு தற்காப்புக் கோடு போட்டது. அதற்காகவே ஒரு கால்வாயும் வெட்டினார்கள். 1940 மே 10ஆம் தேதி ஜெர்மன் படை வந்தது. தெற்கே பெல்ஜியப் பக்கம் காவல் இல்லாமல் திறந்து கிடந்ததால் அன்று இரவே அந்தத் தற்காப்பு வரிசையைக் கைவிட்டார்கள். 1944 இலையுதிர் காலத்தில் போர்முனை மறுபடி பேலுக்கு வந்து மாதக்கணக்கில் நின்றது. அந்த அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை, லிம்பர்க் கிராமங்களில் தேவாலயத்துக்கு வந்த ஆண்களை ஜெர்மானியர் வளைத்துப் பிடித்துக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு ஏற்றிப் போனார்கள். இந்த வட்டாரத்து வயசானவர்களிடம் பேசினால் பீட்டைவிட இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

15. பீட் தீர்ந்ததும் ஊர் ஏன் காலியாகலை?

4இல் சொன்ன முறையின் கடைசிப் பகுதி இங்கேதான் வருகிறது. சீவி ஒதுக்கிய மேலடுக்கைத் திரும்பப் பரப்பி, அடியில் உள்ள மணலோடு கலந்து, எரு போட்டால் பயிர் நிலமாகும். க்ரோனிங்கனில் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். நகரத்துக்கு டுர்ஃப் கொண்டுபோன படகு, திரும்பும்போது நகரத்துக் கழிவை எருவாக ஏற்றி வரும். ஹெலேனாவேனிலும் வெட்டிய இடம் தோட்டமானது. காய்கறி, பூ என்று ஊர் பிழைத்துக்கொண்டது. இன்று அந்த வட்டாரத்தில் பெரிய பெரிய கண்ணாடிக் கூடங்களைப் பார்க்கலாம்.

16. பொள்ளாச்சியிலிருந்து கோகோபீட் அனுப்புறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

பெயர் மட்டும்தான் சொந்தம். கோகோபீட் என்பது தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் துகள், சதுப்பில் விளைவது அல்ல. ஒரு காலத்தில் நார் மில்களுக்கு வெளியே மலையாகக் குவிந்து கிடந்தது. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் பீட் மாதிரியே இருப்பதால், செடி வளர்க்கப் பீட்டுக்குப் பதிலாக உலகம் அதை வாங்குகிறது. வாங்குவதில் நெதர்லாந்து முக்கியமான நாடு. இங்கே கண்ணாடிக் கூடங்களில் ஸ்ட்ராபெரி போன்றவை அதில்தான் வளர்கின்றன. கோவைக்காரர் ஒருவர் இதைக் கேட்டதும் சைக்கிளை நிறுத்திவிட்டு, "இவங்க மண்ணைத் தோண்டி வித்துட்டு நம்ம மட்டையை வாங்கிக்கிறாங்களா!" என்று சிரித்தார். நான் மறுக்கவில்லை.

17. 2020இல் பெரிய தீ பிடிச்சதாமே. ஈரச் சதுப்பு எப்படி எரியும்?

ஈரச் சதுப்பு எரியாது. வடித்த சதுப்பு எரியும். 2020 ஏப்ரல் 20 அன்று டோர்னெ பேலில் தீப்பிடித்தது. மழையே இல்லாத வசந்தம், கொரோனா ஊரடங்கு நேரம். எழுநூறு ஹெக்டேர் அளவில் எரிந்தது. க்ரீன்ட்ஸ்வேன் மக்களை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். மேலே புல் எரிவதை அணைத்துவிடலாம். அடியில் பீட் ஜுவாலை இல்லாமல் உமி மூட்டம் மாதிரி கனன்றுகொண்டே போகும், நூறு அடி தள்ளி எழும்பும். வாரக்கணக்கில் ஆட்கள் அதன் பின்னால் அலைந்தார்கள். எரிபொருள் என்றுதானே அதை வெட்டினார்கள், அந்தக் குணம் எங்கே போகும்?

18. கஷ்டப்பட்டு வடிச்ச தண்ணீரை இப்போ திரும்ப விடுறாங்களாமே? இது என்ன கூத்து?

மிச்சமிருக்கும் பகுதி இப்போது டோர்னெ பேல், மரியாபேல் என்று ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பில் உள்ள இயற்கைப் பகுதி. கொஞ்சம் தெற்கே க்ரோட்ட பேல் 1993இலிருந்து தேசியப் பூங்கா. இலையுதிர் காலத்தில் கொக்கு இனத்துப் பெரிய பறவைகள் வலசை போகும் வழியில் அங்கே இறங்கும். இந்த இடங்களில் பழைய வாய்க்கால்களை அடைத்து, சிறு அணை போட்டு, மழைத்தண்ணீரைத் தேக்குகிறார்கள். காரணம் 17இல் சொன்னதோடு முடியவில்லை. வடித்த பீட்டில் காற்றுப் புகுந்தால் அது எரியாமலே மெதுவாக மக்கிக் கரியமில வாயுவாகப் போகிறது, தரையும் இறங்குகிறது.

தண்ணீர் விட்டால் மட்டும் போதாது, இதுதான் சிக்கல். பீட் பாசிக்குச் சத்தில்லாத மழைத்தண்ணீர்தான் பிடிக்கும். ஆனால் நெதர்லாந்திலேயே பன்றியும் கோழியும் மிக நெருக்கமாக வளர்க்கும் இடங்களில் இந்த வட்டாரம் ஒன்று. சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, அதாவது நைட்ரஜன் அடங்கிய வாயு, காற்றில் வந்து சதுப்பில் படிகிறது. உரம் போட்டதுபோல் புல்லும் மரமும் மண்டி, பாசி செத்துவிடுகிறது. 2019 மே மாதம் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், பண்ணைகள் போன்றவை நைட்ரஜன் வெளியிட அரசு அனுமதி கொடுத்துவந்த முறை செல்லாது என்றது. அதே அக்டோபரில் விவசாயிகள் டிராக்டரோடு ஹேக் நகரத்தை நிறைத்தார்கள். அந்த டிராக்டர்களுக்கும் இந்தப் பாசிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பன்றி வளர்ப்பவரும் கெட்டவர் இல்லை. மணல் பூமியில் பிழைக்க அவர் தாத்தாவுக்கு அரசாங்கம் சொல்லிக்கொடுத்த வழி அது.

19. அப்போ பீட் வெட்டினதே தப்புன்னு சொல்றீங்களா?

இதை மட்டும் எல்லோரும் ரயில் ஏறும்போதுதான் கேட்பார்கள். எரிபொருள் இல்லாமல் அந்தக் குளிரில் யாரும் உயிரோடு இருந்திருக்க முடியாது. 1853இல் வெட்டியவரிடம் போய்க் கரியமில வாயுவைப் பற்றிப் பேசுவது நியாயமும் இல்லை. எனக்குக் குறை ஒன்று உண்டு, அது வெட்டியதில் அல்ல. 5இல் சொன்ன பொது நிலம் ஒருவர் கைக்குப் போனது. 8இல் சொன்ன ஆட்கள் குனிந்து வெட்டினார்கள். லாபம் போன இடம் வேறு, முதுகுவலி தங்கிய இடம் வேறு. இப்போது திரும்பத் தண்ணீர் தேக்கும் செலவு மறுபடி பொதுப் பணத்தில்.

திரும்ப வளருமா என்றால், வளரும். 2ஆம் கேள்வியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு வீச்சில் அறுத்த கட்டியின் கனம் வளர நூறு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

20. ஒரு கட்டி எடுத்துட்டுப் போகலாமா? ஊரில் காட்டணும்.

கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும் கால்வாய்த் தண்ணீரையும் சேர்த்து எடுங்கள், அந்த நிறம் பீட்டால் வந்தது. குட்டிப் பையன் ஒருவன் ரொம்ப அடம்பிடித்ததால், பாதையோரம் கிடந்த பழுப்புத் துகளைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னேன். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்தக் கறை போகவில்லை என்று அவன் அம்மா இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார்.